மூன்று இடத்தில் இருக்கிறது

தியாகதுருகம் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவிலிருந்து விடியும் முன்பே கிளம்பியிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, ஒரு அளவுப் புத்தகம். உளுந்தூர்பேட்டை வரை போய்விட்டால் சென்னைக்கோ திருச்சிக்கோ ஏதாவது லாரி கிடைக்கும். எது முதலில் நிற்கிறதோ அதில் ஏறிக்கொள்ளலாம் என்று இருந்தேன். திருப்பூரை அப்படித்தான் விட்டேன். போர்வெல் வண்டியோடு ஆந்திராவுக்குப் போனவன், அதையும் ஒரு நாள் காலையில் அப்படித்தான் விட்டேன். பேருந்தில் ஏறினால் நடத்துநர் எங்கே என்று கேட்பார். நடந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சாலையில் போன வண்டிகளெல்லாம் முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தன. முந்தைய நாள் ஆயுத பூஜை. உடைத்த பூசணிக்காய்கள் ஓரமாகக் கிடந்தன, ஆடுகள் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. சந்தனமும் குங்குமமும் தெரிந்த ஒவ்வொரு வண்டியும் என்னைக் கடக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஒன்றரை வருடமாக நான் ஒரு நில அளவை அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு மாடி அறைதான் அலுவலகம். அதை நடத்தியவர் டிப்ளமோ படித்த ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். கல்வராயன் மலையில் காலங்காலமாக உழுகிற நிலத்துக்குப் பட்டா கேட்டிருந்த குடும்பங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அப்போது எங்களுக்கு இருந்த பெரிய வேலை. மேடம் படம் போடுவார். நான் நடப்பேன். கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி, என் உயரத்துக்கு மேல் ஒரு அலுமினியக் கம்பம். நிலத்தின் ஒவ்வொரு மூலையிலும் கம்பத்தை ஊன்றி, கருவி அந்தப் புள்ளியைப் பிடிக்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு ஏற்ற வேலைதான். அட்டை கடிக்கும், காலை உணவு மதியம் கிடைக்கும், மற்றபடி குறை இல்லை.

என் அளவுப் புத்தகத்தில் ஊரும் பெயரும் மட்டும்தான் குறிப்பேன், புள்ளிகளெல்லாம் கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். அது போனால் ஒன்றரை வருட நடையும் போய்விடும் என்று மேடத்துக்கு ஒரு பயம் இருந்தது. கோப்புகளை மட்டும் எடுத்து வைத்தால் போதாது என்பார். படம் போடுகிற மென்பொருள் பழையது, விற்றவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார், திரும்ப வாங்க முடியாது. அதனால் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறதோ அப்படியே, உள்ளே உள்ள மென்பொருளோடும் அமைப்புகளோடும் சேர்த்து முழுசாக ஒரு நகல் எடுக்க வேண்டும். அதற்கு இமேஜ் என்று பெயர். அந்த இமேஜ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இணையம் வழியாக வேறு ஊரில் இருக்கிற ஏதோ கம்பெனிக் கம்ப்யூட்டருக்குப் போகும். கிளவுடு என்றார். முதல் முறை போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. பிறகு மாறினதை மட்டும் அனுப்பினால் போதும், ஒரு இரவில் இல்லாவிட்டால் மறுநாள் மதியத்துக்குள் போய்விடும்.

அதுவும் போதாதென்று இன்னொரு நகல், கைக்கு அடக்கமான ஒரு டிஸ்க்கில். அது நான் தங்கியிருந்த அறையில் என் போர்வைக்குள் இருக்கும்.

"ஒரே எடத்துல ரெண்டு இருக்கக் கூடாதுண்ணே" என்பார். "இங்க ஒண்ணு, உங்க ரூம்ல ஒண்ணு, அங்க ஒண்ணு. மூணு எடம். ஒரு எடம் போனாலும் ரெண்டு நிக்கும்."

கிளவுடுக்குப் போகிற நகலுக்குப் பூட்டு உண்டு. இருபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சாவி. அது இல்லாமல் அந்தக் கம்பெனிக்காரர்களாலேயே திறக்க முடியாதாம். அதை ஒரு தாளில் அச்செடுத்துத் தன் கோப்பில் வைத்திருந்தார். "எனக்கு எதுனா ஆச்சுன்னா யாரு தொறக்கிறது? நீங்களும் எழுதி வெச்சுக்குங்க" என்று ஒரு நாள் சொன்னார். என் அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பெரிய ஆங்கில எழுத்துகளில், ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. பிறகு அந்தப் பக்கத்தை மறந்துவிட்டேன்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் சரியாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று எல்லாக் கருவியும் ஓரிடத்துக்கு வர வேண்டும். துடைத்து, பொட்டு வைத்து, பலகையில் அடுக்கி, மறுநாள் எடுக்கும் வரை அவற்றுக்கு வேலை கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் டிராக்டர்காரர் முதல் தையல்காரர் வரை எல்லோரும் அப்படித்தான். மேடம் கம்ப்யூட்டரை நிறுத்தி மேஜையிலிருந்து இறக்கச் சொன்னார். ஜி.பி.எஸ். கருவியை வைத்தேன். புத்தகமும் தாளும்கூட பூஜைக்கு உண்டு என்பதால் அவர் தன் கோப்புகளை வைத்தார், சாவி இருந்த கோப்பையும் சேர்த்து. டிஸ்க்கை அறையிலிருந்து கொண்டுவந்து வைத்தது நான். யாரும் சொல்லவில்லை. வருடம் முழுவதும் அதுவும் உழைத்தது, அதை மட்டும் போர்வைக்குள் விடுவது தப்பாகப் பட்டது. மேடம் அதைப் பார்த்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

கம்பம் பலகையில் அடங்கவில்லை. அதை வெளியே படிக்கட்டில் சாய்த்து வைத்தோம். என் அளவுப் புத்தகத்தை நான் வைக்கவில்லை. அட்டை கடித்த ரத்தக்கறையும் பீடிச் சூடும் என் கையெழுத்துமாக அது இருந்த நிலையில் அதைச் சாமி முன்னால் வைக்க வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். கம்ப்யூட்டரை நிறுத்தப் போனபோது திரையில் நகல் மேலே போய்க்கொண்டிருந்தது. முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. கோட்டின் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்து, கொஞ்சம்தான் பாக்கி. பூஜை நாளில் கருவி ஓடக் கூடாது என்று நினைத்தேன். நிறுத்தினேன்.

பூஜை முடிந்து பொரி சாப்பிட்டுவிட்டு, விளக்கை எரியவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனோம். மதியம் இரண்டு மணிக்குக் கீழ்க்கடைக்காரர் புகையைப் பார்த்துக் கூப்பிட்டார். எண்ணெய்த் திரியை எலி இழுத்துக்கொண்டு போய்த் தோரணத்தில் விட்டிருக்க வேண்டும். யாருக்கும் காயம் இல்லை. பலகையும் பலகை மேல் இருந்ததும் கரிந்து உருகிக் கிடந்தன. கம்பம் மட்டும் படிக்கட்டில் சந்தனப் பொட்டோடு நின்றது.

மேடம் தண்ணீரில் ஊறிய கோப்பு ஒன்றைத் திறந்தார், மூடினார். "நாளைக்கி காலையில பேசிக்கலாம்ணே" என்றார். காலையில் நான் நடந்துகொண்டிருந்தேன்.

கருவிகளுக்காக நான் அப்படிப் போகவில்லை. கருவிகளை நான் இதற்கு முன்னும் உடைத்திருக்கிறேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சரிவில் சாமை விதைக்கிற ஒரு அம்மாவுக்காகத்தான் போனேன்.

அவர் கணவர் இல்லாதவர். தனியாகத்தான் உழைக்கிறார். அவர் நிலத்தை அளந்தபோது எனக்கு முன்னால் செருப்பில்லாமல் நடந்துகொண்டே கேலி செய்தார்.

"இன்னாப்பா, என் கொல்லையத் தூக்கி அந்த டப்பாக்குள்ள போட்டுக்கினு போறியா?"

"ஆமாம்மா."

"அடங்குமா? கீழ் மூலையில கல்லு ஜாஸ்தி, டப்பா ஒடைஞ்சிடப் போவுது."

அவருடையதையும் சேர்த்து அந்தப் பக்கம் ஆறு நிலம் அளந்தேன். முடித்த அன்றே இறங்கியிருந்தால் அந்த வார வெள்ளிக்கிழமை நகலில் எல்லாம் போயிருக்கும். நான் இறங்கவில்லை. காரணம் எதுவும் இல்லை. ஒரு அருவிப் பக்கம் போனேன், அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் கள்ளக்குறிச்சிக்கு வந்து புள்ளிகளைக் கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கிலும் ஏற்றினேன்.

செவ்வாய்க்கிழமை மலையில் பெரிய மழை. புதன்கிழமை அந்த அம்மா ஃபோன் செய்தார். ஓடை திரும்பி அவர் நிலத்தின் கீழ்ப்பக்கத்தை அறுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லைக் கல், மூலை இரண்டு, இடையில் இருந்த கடுக்காய் மரம் எல்லாம் போய்விட்டன. பட்டாவுக்கான வரைபடத்தை அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். படத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பட்டா. ஓடை இன்னொரு மழையில் பழைய இடத்துக்கே திரும்பினாலும், படத்தில் இல்லாத நிலம் அவருடையது ஆகாது.

"நெலம் போச்சுப்பா. டப்பாவுல இருக்குதுல்ல?"

"இருக்குதும்மா. மூணு எடத்துல இருக்குது."

அப்போது இரண்டு இடத்தில்தான் இருந்தது. மூன்றாவது இடத்துக்கு வெள்ளிக்கிழமை போய்விடும், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துச் சொன்னேன்.

எலவனாசூர்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் பையை இறக்கினேன். மாஸ்டர் என் காலைப் பார்த்தார்.

"நடந்தே வர்றியா? வேண்டுதலா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்ப பொண்டாட்டி தொரத்திட்டாளா?"

"அதுக்கு மொதல்ல கட்டணுமே."

"கட்டாமயே இப்படி ஓடுறவன் கட்டியிருந்தா எங்க ஓடியிருப்பியோ" என்று டீயைக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது ஃபோன் அடித்தது. மேடம். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன்.

"அண்ணே, எங்க இருக்கிறீங்க?"

"எலவனாசூர்கோட்டை கிட்ட."

"அங்க இன்னா வேலை?" டீயைப் பெஞ்சில் வைத்தேன். "சரி, அத அப்புறம் வெச்சுக்கலாம். அளவுப் புத்தகம் உங்க கைல இருக்குதா, அதுவும் எரிஞ்சிடுச்சா?"

"பைல இருக்குது."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "கடைசிப் பக்கம் பாருங்க. சாவி இருக்குதா?"

அப்போதுதான் எனக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. பெஞ்சில் புத்தகத்தை விரித்து, நான்கு நான்காகப் படித்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். மாஸ்டர் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, ஏதோ லாட்டரி விழுந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"தொறந்துக்கிச்சு" என்றார் மேடம். பிறகு விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அண்ணே, முழுசா போனது போன வாரத்து வெள்ளிக்கெழமைதான். இந்த வெள்ளிக்கெழமைது பாதியில நிக்குது. பாதியில நின்னது எதுக்கும் ஆவாது."

"நான்தான் நிறுத்தினேன்."

"தெரியும். நான்தானே ஆஃப் பண்ணச் சொன்னேன்."

"மேல போய்க்கினு இருந்துச்சு மேடம். பாத்துட்டுதான் நிறுத்தினேன்."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. 

"சரி, வாங்க" என்றார். "போன ஆறு நெலத்துல அஞ்ச திரும்ப அளந்துக்கலாம். அந்தம்மாதுதான்... வாங்க. எது யாரு நெலம்னு எனக்குப் படத்துல மட்டுந்தான் தெரியும். நடந்தது நீங்க."

டீயைக் குடித்து முடித்தேன். உளுந்தூர்பேட்டை பக்கம் போகிற லாரி ஒன்று கடை முன்னால் நின்றுதான் இருந்தது. ஓட்டுநர் என்னிடம் "ஏறுறியா?" என்றுகூடக் கேட்டார். சாவியைச் சொல்லியாகிவிட்டது, இனி நான் தேவையில்லை என்று ஒரு பக்கம் தோன்றியது. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஏறியிருப்பேன். அந்த அம்மா மறுபடி ஃபோன் செய்வார், அப்போது நான் எந்த ஊரில் இருந்து அதை எடுப்பேன் என்று யோசித்தேன். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று கள்ளக்குறிச்சிப் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் எங்கே என்று கேட்டார், சொன்னேன்.

மேடம் வீட்டுக்குப் போனபோது மணி இரண்டு. அவருடைய தம்பியின் லேப்டாப் மேஜை மேல் இருந்தது. நகலை இங்கே இறக்கப் பல நாள் ஆகும், அதனால் அதை அங்கேயே, அந்தக் கம்பெனிக் கட்டடத்திலேயே ஒரு கம்ப்யூட்டராக எழுப்பி ஓடவிட்டிருந்தார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது. திரையில் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் இருந்தது. அவர் மகளின் படம், அதே இடத்தில் அதே கோப்புகள், ஒரு மூலையில் அவரே எழுதி ஒட்டிய குறிப்பு: தண்ணி கேன்காரருக்குச் சொல்லணும். எரிந்த பிளாஸ்டிக் வாசனை இன்னும் என் சட்டையில் இருந்தது. திரையில் இருந்த கம்ப்யூட்டர் ஒன்பது நாள் முந்தைய மாலையில் இருந்தது, அதற்குத் தீ பற்றி எதுவும் தெரியாது.

"இருநூறு குடும்பத்துக்கு மேல தப்பிச்சிடுச்சு" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அந்தச் சரிவின் படத்தைத் திறக்கச் சொன்னேன். நிலங்கள் கோடு கோடாக வந்தன. நான் வாரக்கணக்கில் நடந்த இடங்கள். மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் சின்னதாக இருந்தன. நடுவில் சில இடங்கள் வெள்ளையாக இருந்தன. அளக்காத இடங்களும் தொலைந்த இடங்களும் ஒரே மாதிரி வெள்ளை. அதில் ஒரு வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே அகலம், கீழே வலது பக்கம் உள்வாங்கி ஒரு முழங்கை மாதிரி மடிப்பு. அந்த மடிப்பில் கல் ஜாஸ்தி.

"மேடம், இதுதான் அவங்க நெலம்."

"இங்க ஒண்ணுமே இல்லியேண்ணே."

"சுத்தி இருக்குதுல்ல. இது அவங்க பங்காளியோடது, போன மாசமே அளந்தாச்சு. அதோட மேல்கோடுதான் இவங்களோட கீழ்கோடு. ரெண்டுத்துக்கும் ஒரே கல்லு. அந்தக் கல்லுலதான் கம்பம் வெச்சேன்." விரலால் காட்டினேன். "இந்தப் பக்கம் கொழுந்தனாரோடது, அதுவும் இருக்குது. இடது பக்கம் பள்ளிக்கூடத்து வேலி, அதையும் அளந்திருக்கோம்."

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்தார்.  பக்கத்து நிலங்களின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் புதுக் கோட்டில் சேர்த்தார். ஓடை அடித்துக்கொண்டு போன இரண்டு மூலையும் அக்கம்பக்கத்து நிலங்களின் மூலைகளாக அங்கே பத்திரமாக இருந்தன. கீழ்ப்பக்கம் வந்தது, வலப்பக்கம் வந்தது, இடப்பக்கம் வந்தது. மேல்பக்கம் மட்டும் திறந்திருந்தது. அந்தப் பக்கம் யாருக்கும் நிலம் இல்லை, பாறைதான்.

"பாறையை ஓடை தூக்கிக்கினு போயிருக்காதுல்ல?" என்றார்.

"அது எங்கியும் போவாது மேடம்."

"அப்ப அந்த ஒரு பக்கத்த அளந்தா படம் மூடிக்கும். அந்த ரெண்டு குடும்பமும் ஆமா, இதுதான் எல்லைன்னு கையெழுத்துப் போடணும். பாக்கி அஞ்சையும் அப்படியே முடிச்சிடுங்க." அதன் பிறகு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லாமக் கொள்ளாம போனவங்கள நான் வேலைலருந்து நிறுத்திட்டேன். நாளைக்கி வந்து புதுசா சேந்துக்குங்க."

அந்த அம்மாவுக்கு நான்தான் ஃபோன் செய்ய வேண்டும். செய்தேன். தீ, எலி, நான் நிறுத்தியது எல்லாம் சொன்னேன். 

"மூணு பக்கம் கெடச்சிடுச்சும்மா. ஒரு பக்கம் நாளைக்கி வந்து நடக்கணும்."

"அன்னிக்கி மூணு எடம்னே. இன்னிக்கி மூணு பக்கம்ங்கிற" என்றார். "நாளைக்கி வந்து இன்னா சொல்லப் போறியோ. சரி வா. கொழுந்தன் கிட்ட கையெழுத்து வாங்கறது என் பாடு. எனக்குப் பயந்துக்கினாவது போடுவான்."

மறுநாள் காலை முதல் பேருந்தில் கம்பத்தோடு ஏறினேன். இரவல் வாங்கிய கருவி ஒன்று பையில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவுகளில் ஏறும்போது கம்பம் உருளாமல் காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். வெள்ளிமலையில் இறங்கி அங்கிருந்து ஒரு ஜீப், அதற்கு மேல் நடை.

இந்த முறை சேர்ந்த வேலையில் ஒரு புது விதி இருந்தது. ஒரு நிலத்தை முடித்தால் அடுத்த நிலத்துக்குப் போகக் கூடாது. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் புள்ளிகளை ஃபோனில் அனுப்ப வேண்டும், போய்ச் சேர்ந்ததென்று மேடம் சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். அந்தச் சரிவிலிருந்து மேடு முக்கால் மணி நேரம். போக வர ஒன்றரை.

அந்த அம்மா பாறை மேல் உட்கார்ந்து காத்திருந்தார். கீழே ஓடை அறுத்த இடம் சிவப்பாகத் தெரிந்தது. நான் முதல் மூலையில் கம்பத்தை ஊன்றி அசையாமல் நின்றேன்.

"டப்பாவுல வுழுந்துச்சா?" என்றார்.

"வுழுந்துச்சும்மா."

மேல்பக்கத்தை முடித்துவிட்டுக் கம்பத்தைப் பாறையில் சாய்த்தேன். அவரும் எழுந்தார். மேட்டுக்கு வழி தனக்குத் தெரியும் என்றும், புள்ளிகள் போய்ச் சேருகிற வரை தானும் அங்கேயே நிற்கப் போவதாகவும் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஏறத் தொடங்கினார்.